ஆமென் சொன்னால் பதறுகிற ஐயர்

"பிரசங்கம் நல்லா இருந்துச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு எங்கள் ஐயரிடமிருந்து தப்பித்துப் போனவர்கள் கிடையாது. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். கொடுத்த கையை அப்புறம் விட மாட்டார்.

"எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாமே நல்லா இருந்துச்சுய்யா."

"எல்லாமே நல்லா இருக்க நான் என்ன வானத்துலேருந்து குதிச்சவனா? ஒரு இடத்துலயாவது தப்பாச் சொல்லியிருப்பேன்லா? அது எந்த இடம்னு சொல்லும்."

அடுப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கறி கொதிக்கிற நினைப்பில் நிற்கிறவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? அசடு வழியச் சிரிப்பான். பின்னால் வரிசை தேங்கும். வெயில் ஏறும். பிள்ளைகள் அழும். நான் பல ஞாயிறு பக்கவாசல் வழியாக நழுவியிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்து ஒரு வாரம் பக்கவாசலில் வந்து நின்றுகொண்டார்.

தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம், சர்ச்சைக் கோயில் என்போம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குழம்புவார்கள், எங்களுக்கு அது பிறவிப் பழக்கம். மில்லர்புரத்தில் நாங்கள் குடியிருந்தபோது எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தவர் அவர். நான் அப்போது ஹார்பரில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்துக்கொடுக்கிற ஆபீஸில் சேர்ந்த புதிது. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பாசம் பின்னால் வரும்.

மனிதருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீடு சந்திக்க வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவோம். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காப்பி டம்ளரோடு ஃபிரிட்ஜுக்கும் சன்னலுக்குமாக நடப்பார். சுவரில் மாட்டியிருக்கிற வசன காலண்டரைப் பார்த்தால் நின்றுவிடுவார். "இது யாரு யாருக்குச் சொன்னது?" என்பார். அம்மா கையைப் பிசைவாள். "தெரியாதய்யா, நல்ல வார்த்தையா இருக்கேன்னு மாட்டுனோம்." "வார்த்தை நல்லாத்தான் இருக்கு. அதச் சொன்னது பிசாசு. மேலயும் கீழயும் வாசிச்சுப் பாரும்மா." அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தோம். சொன்னது பிசாசேதான். அம்மா அந்தக் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டுவிட்டாள்.

பிரசங்க பீடத்திலும் நிற்க மாட்டார். இறங்கி நடுப்பாதையில் நடந்துகொண்டே பேசுவார். திடீரென்று ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்ப நான் சொன்னது அங்கன இருக்கா, இல்ல நானாச் சொல்லுதேனா, பாத்துச் சொல்லும்" என்பார். இதனால் எங்கள் கோயிலில் நடுப்பாதை ஓரத்து இடங்கள் எப்போதும் காலியாகவே கிடக்கும். பிந்தி வருகிறவன் தலையில்தான் அது விடியும். சுவரோரத்து இடங்களுக்கு ஆட்கள் ஆராதனைக்கு வெகுநேரம் முன்பே வந்து துண்டு போட்டு வைத்த காலமும் உண்டு. சபை நேரத்துக்கு வரப் பழகியது அப்படித்தான் என்று கமிட்டிச் செயலர் அண்ணாச்சி கேலி பேசுவார்.

அந்த அண்ணாச்சிக்கும் ஐயருக்கும் பெரிய சண்டை வந்தது ஒரு யானையால்.

ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில், ஐயர் குரலை உயர்த்தி, "சாலொமோன் ஞானி நமக்குச் சொல்லுகிறார், யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. எனக்கு முன்னால் இருந்த அக்கா அதைக் குறித்துக்கொண்டார். ஐயர் அப்படியே நின்றார்.

"வேதத்துல எந்த அதிகாரம்?"

பக்கங்கள் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. யானையைத் தேடி எல்லோரும் நீதிமொழிகள் முழுவதும் அலைந்தோம்.

"அது நம்ம ஊருப் பழமொழி. உங்க வீட்டுல தினமும் சொல்லுத பழமொழி. நான் அங்கியப் போட்டுக்கிட்டு, சாலொமோன் பேரையும் போட்டுச் சொன்னதும் ஆமென்னு சொல்லிட்டியளே! நாளைக்கு எவனாவது விஷத்தச் சொன்னா?" அவர் குரல் நடுங்கியது. கோபமா பயமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு செயலர் அண்ணாச்சி அவரைப் பிடித்துக்கொண்டார். "பீடத்துல நின்னு பொய் சொல்லலாமாய்யா?"

"சொல்லப்பிடாது. அத நீரு அங்கனயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். நானும் அதுக்குத்தான் நின்னேன்."

அண்ணாச்சி ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை.

இன்னொரு தடவை என்னை வழியில் நிறுத்தி ஹார்பர் வேலையைப் பற்றி விசாரித்தார். கன்டெய்னருக்கு சீல் வைப்பது, சீல் உடையாமல் இருந்தால் பெரும்பாலும் திறக்காமலே கப்பலேற்றிவிடுவது எல்லாம் சொன்னேன். "உள்ள உப்புன்னு எழுதிட்டு மண்ணு வச்சிருந்தா?" என்றார். "சந்தேகம் வந்தாத்தான் திறப்பாங்கய்யா." "சந்தேகம் வரலேன்னா?" "மண்ணு போயிச் சேரும்." மறு ஞாயிறு என் வேலை பிரசங்கத்தில் வந்துவிட்டது. வசனம் என்கிற சீலை ஒட்டிவிட்டால் நாம் எதையும் உள்ளே விட்டுவிடுகிறோம் என்றார். ஊரெல்லாம் என்னை ஒரு வாரம் சீல்காரன் என்று கூப்பிட்டது.

இப்படி எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்கிற ஆள், வெளியாட்களைத் திட்டுவதில் அக்கறை காட்டவில்லை. எங்கள் பகுதியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு பிரதர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஆரம்பித்திருந்தார். நல்ல குரல். கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் உண்டு. சீக்காளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஜெபிப்பார். எங்கள் சபையிலிருந்து பாதிப் பெண்கள் அங்கே போனார்கள். அங்கே போகிறவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கக்கூடாது என்று கமிட்டியில் ஒரே சத்தம். அந்த வெள்ளிக்கிழமை ஐயர் தாமே படியேறிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஆச்சரியம், அங்கே உட்கார்ந்தார். பிரதருக்கு அன்று வியர்த்துக் கொட்டியதாகவும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றும் போனவர்கள் சொன்னார்கள்.

"நீங்க அங்க போறது நல்லாவா இருக்கு?" என்று செயலர் அண்ணாச்சி கேட்டார்.

"ஆடு மேயுற இடத்துலதானவே மேய்ப்பன் நிக்கணும். கோயில் வாசல்ல நின்னு நான் யாரப் பாக்க?" என்றார் ஐயர். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "அவன் சொல்லுததுல பாதி வெறும் காத்து. ஆனா சீக்காளி வீட்டுக்கெல்லாம் அவன் போயிருக்கான்வே. நான் சீக்க விசாரிக்கப் போகல. அந்த எடத்துலதான் நாம தோத்தோம்" என்றார்.

அந்தச் சீக்காளி வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

என் தங்கை பியூலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வராது. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள், சிரித்த முகம், நல்ல பாட்டு. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள். வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போயிற்று. தட்டிப்போகும்போதெல்லாம் பியூலா எங்களுக்கு ஆறுதல் சொல்லுவாள், அதுதான் தாங்க முடியாது. பிரதர் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிறகு, "மாத்திரை டப்பா இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் வியாதியும் இந்த வீட்டுலதான் இருக்கும், சிஸ்டர்" என்றார். நான் அப்போது ஆபீஸில் இருந்தேன். அம்மாவும் பியூலாவும் போய் டப்பாவைப் பக்கிள் ஓடையில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் சபையின் அசன நாள் வந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து கோயில் வளாகத்தில் சமைத்து, ஒரே பந்தியாகச் சாப்பிடுகிற நாள் அது. ஆட்டுக்கறி ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம், வரிசையாக விறகடுப்புகளில் அண்டாக்கள். பெண்கள் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். பியூலா அரிந்ததை வட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். போனவள் பாதியில் நின்றாள். வட்டி கையைவிட்டு விழுந்தது. அடுத்தது அவள்தான். அண்டாவின் பக்கம் சாய்ந்தவளைச் சமையல் அண்ணன் தாவி இழுத்ததால் முடி மட்டும் பொசுங்கியது. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

ஐயர் ஓடிவந்து தரையில் மண்டியிட்டு அவள் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு அடங்கியதும் அம்மாவைப் பார்த்து, "மாத்திரை போடலியா?" என்றார். அம்மா அழுதாள். அந்த அழுகையே பதில்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். பிரதர் சொன்னதை அம்மா ஒப்பித்தாள். ஐயர் நடந்துகொண்டே கேட்டார், பிறகு பியூலாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளே, யாரோ ஒருத்தன் சொன்னதுக்காக உயிர விடுவியா?"

"அவிய சொன்னதுக்காக நான் நிறுத்தலய்யா" என்றாள் பியூலா. எழுந்து போய் தன்னுடைய வேதத்துக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தாள். புதுவருஷ ஆராதனையில் எங்கள் சபையில் எல்லோருக்கும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிற அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அது அந்த வருஷம் முழுவதும் நமக்கு. பியூலாவுக்கு வந்தது, ஆண்டவர் வியாதியை நீக்குவார் என்கிற வசனம்.

"இது நீங்க குடுத்ததுய்யா. உங்க கையில இருந்த தட்டு" என்றாள்.

ஐயர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு மேலயும் கீழயும்..." என்று தொடங்கினார்.

"குடுக்கும்போது மேலயும் கீழயும் ஒண்ணும் சொல்லலியேய்யா. இது இந்த வருஷம் ஆண்டவர் உனக்குச் சொல்லுததுன்னுதானே சொன்னிய? பிரதர் சொல்லுததுக்கு முந்தியே இத நான் நம்பிட்டேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள், அதுதான் கொடுமை. வாழ்நாளெல்லாம் அடுத்தவனை அதிகாரம் கேட்டு மடக்கிய மனிதர் அட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் எந்த ஐயரும் ஒரு வீட்டைவிட்டு ஜெபிக்காமல் போக மாட்டார். அன்று அவர் ஜெபிக்காமல் போனார். அம்மாவுக்கு அது வலிப்பைவிடப் பெரிய அதிர்ச்சி.

மறுநாள் காலை நாங்கள் இட்லிக்கு உட்காருகிற நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. ஐயர். கண் சிவந்து வீங்கியிருந்தது. "எனக்கும் ரெண்டு இட்லி வைம்மா" என்றார். அம்மா பதறிப்போய்த் தட்டு வைத்தாள். அவர் சாப்பிட உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்தார். எங்கள் முன்னாலேயே சட்டையின் ஓரத்தைத் தூக்கி, வயிற்றில் குத்திக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்சுலின்.

"பிள்ளே, இங்கன பாரு. இதக் குத்தலேன்னா நான் இருக்க மாட்டேன். ஐயரம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். இத்தன வருஷமும் கதவப் பூட்டிக்கிட்டுத்தான் குத்துவேன். ஏன் தெரியுமா? ஐயருக்கே சீக்குன்னா, இவருக்கு விசுவாசம் இல்லன்னு சனம் பேசுமேன்னு பயம். நான் கதவப் பூட்டினேன், அந்தப் பூட்டுக்கு அங்கிட்டு நின்னு அவன் கடை போட்டுட்டான்." பியூலாவைப் பார்த்தார். "இப்பச் சொல்லு, நான் அவிசுவாசியா?"

"ஐயோ, இல்லய்யா."

"அப்ப மாத்திரை போட்டா நீ மட்டும் எப்படி அவிசுவாசி?"

பியூலா வெகுநேரம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கோணியது. பிறகு என்னிடம், "மெடிக்கல்ல திறந்திருப்பானா பாத்துட்டு வாண்ணே" என்றாள். நான் செருப்புப் போடாமல் ஓடினேன்.

அடுத்த ஞாயிறு ஐயர் பீடத்தில் நின்றே பேசினார். தம் சர்க்கரை வியாதியைச் சொன்னார். "இந்தச் சபையில கள்ள உபதேசம் நுழைஞ்ச வாசல் எதுன்னு தேடினேன். நான் பிடிச்சிருந்த தட்டுதான். வேதத்தக் கத்திரிச்சுக் கத்திரிச்சு உங்களுக்கு ஊட்டினவன் நான்தான், என்ன மன்னிச்சிருங்க" என்றார். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்கு அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. டைல்ஸ் கடை மாடியில் பிரதர் மைக்கைப் பிடித்து, "அது ஊசியில ஓடுற ஊழியம்" என்றார். மக்கள் சிரித்ததாகக் கேள்வி. எங்கள் சபையிலிருந்து சில குடும்பங்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விட்டன. செயலர் அண்ணாச்சி, "உம்ம சீக்க உம்மோட வச்சிருக்கப்பிடாதா?" என்று தலையிலடித்துக்கொண்டார். "வச்சிருந்தேன்வே. ஒரு பிள்ள அடுப்புல விழப் பாத்துச்சே" என்றார் ஐயர். புதுவருஷத்துக்கு அட்டை கிடையாதா என்று பெரிய கலகம் வந்தது. அட்டை உண்டு, ஆனால் எடுத்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, அது யாருக்கு எதற்காகச் சொன்னது என்று தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்றார். புதுவருஷத்தன்று மட்டனை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்கள் அட்டையே வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். பியூலாவுக்கு வலிப்பு வரவில்லை. அம்மா மேல்மாடிக்குப் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் வேறொன்று ஆரம்பித்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, கவனித்தவர் அவர்தான்.

எதற்கெடுத்தாலும் பியூலாவுக்கு, "ஐயரு என்ன சொல்லுதாவ?" என்று கேட்க வேண்டும். ஸ்கூட்டி வாங்கலாமா, ஐயர். பள்ளிக்கூடம் மாறலாமா, ஐயர். எனக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தால், "எதுக்கும் ஐயருக்கு ஒரு வார்த்த கேட்டுக்கோண்ணே" என்பாள். முதலில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டார். "நீங்க சொன்னாச் சரிய்யா" என்பாள். அதைக் கேட்டால் அவர் அறையின் இன்னொரு மூலைக்கு நடந்துவிடுவார். நான் இதைப் பாசம் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியவர்மேல் பெண்ணுக்கு மரியாதை இருக்காதா?

அவருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். சபை முழுவதும் ஐயர் வீட்டு முற்றத்தில் நின்றது. செயலர் அண்ணாச்சிகூடக் கண்ணைத் துடைத்தார். பியூலா அழுது ஓய்ந்துபோயிருந்தாள். ஐயர் அவளிடம் வந்தார்.

"மாத்திரைய விட்டுறாத, பிள்ளே."

"எப்படிய்யா விடுவேன்? நீங்க சொல்லியிருக்கியள்லா."

"நான் சொன்னதுக்காகவா போடுத?"

"ஆமாய்யா."

ஐயர் அவளை உற்றுப் பார்த்தார். "நாளைக்கு நானே ஃபோன் போட்டு, நிறுத்துன்னு சொன்னா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நிறுத்திருவேன்யா."

பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியம்மா நெகிழ்ந்துபோய், "ஆமென்" என்றார். ஐயர் முகத்தில் ரத்தம் இல்லை. சுற்றியிருந்தவர்கள் பிரிவின் துக்கம் என்று நினைத்தார்கள். லாரியில் ஏறப் போனவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அந்த மாடிக்காரன் இருந்த நாற்காலில என்னத் தூக்கி வச்சிட்டாளேலே" என்றார். அவர் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன.

அதன் பிறகு அவர் பியூலாவின் ஃபோனை எடுக்கவே இல்லை.

அவள் தினமும் கூப்பிட்டாள். மணி அடித்து நிற்கும். என்னவோ குற்றம் செய்துவிட்டது போல் குன்றிப்போனாள். என் ஃபோனை மட்டும் எடுப்பார். "மாத்திரை போடுதாளா?" என்பார். "போடுதா." "நான் கேட்டேன்னு சொல்லாத." இவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்டுப் பாதி மணலில் விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. எதற்கு இந்த வீம்பு என்று ஒருநாள் கேட்டேன். இருமிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

பியூலாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். வலிப்பைப் பற்றி முதல் நாளே சொன்னோம், மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் சில மாதங்களில் மாப்பிள்ளையின் அத்தைமார் ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை பெற வேண்டிய பெண் இப்படி மாத்திரையை முழுங்கினால் பிள்ளை என்னவாகும், உடனே நிறுத்து என்றார்கள். பியூலா எங்கள் வீட்டுக்கு வந்து ஐயருக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். சோறு இறங்கவில்லை. "ஐயரு ஒரு வார்த்த சொல்லட்டும், எதுவானாலும் கேக்கேன்" என்று அம்மா மடியில் கிடந்து அழுதாள்.

நான் மொட்டைமாடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"ஐயா, ஒரே வார்த்தை. போடுன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னாப் போடுவா. இல்லேன்னா நிறுத்திருவா. அடுப்பங்கரையில விழுந்து செத்தா நீங்களா வந்து அடக்கம் பண்ணுவிய?"

அந்தப் பக்கம் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது.

"போடுன்னு சொல்ல நாக்கு துடிக்குலே. உறங்கி எத்தனையோ நாளாச்சு. ஆனா எனக்குத் தெரியாதே. வயித்துல பிள்ள வந்தா அந்த மாத்திரை ஆகுமா ஆகாதா, எனக்கு என்ன தெரியும்? தெரியாததச் சொன்னாலும் அவ கேப்பாளே! அதுதானலே பயமா இருக்கு."

"அப்ப அவ சாகட்டும்ங்கியளா?"

"டாக்டர்கிட்ட போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. உன் வாயால சொல்லு." குரல் உடைந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டேன். அப்போது அவரை நான் வெறுத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

பியூலாவிடம் சொன்னேன். "நீயெல்லாம் என்னத்தண்ணே சொல்லுத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த நாள் காலை, அழுது அழுது சலித்துப்போனதோ என்னவோ, மாப்பிள்ளையை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனாள். பஸ் ஏறுகிறவரைக்கும் ஃபோனையே பார்த்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்ண்ணே. அதுக்காக நிறுத்தவும் கூடாதாம், நிறுத்துனா எனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வேற மாத்திரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா மாத்தணுமாம். உண்டாகுறதுக்கு முன்னாலயே வந்தது நல்லதாப் போச்சுன்னாங்க. நான் ஏன்னு கேட்டேன். அவிய சொன்னது மொதல்ல புரியல. திரும்பக் கேட்டேன். படம் போட்டுக் காட்டுனாங்க." அத்தைமாரிடம் என்ன சொல்வாய் என்று அம்மா கேட்டாள். "நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

ஐயருக்குச் சொன்னேன்.

"நான் அன்னைக்கு எடுத்திருந்தா, அந்தப் பழைய மாத்திரையவே போடுன்னுதாம்லே சொல்லியிருப்பேன்" என்றார். மூக்கை உறிஞ்சினார். அப்புறம் ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போல், "இனி அவ கூப்பிட்டா நான் எடுக்கலாம்லா?" என்றார்.

"எடுங்கய்யா" என்றேன்.

பியூலா அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. கோபமெல்லாம் இல்லை, கேட்டால் "நல்ல ஐயரு" என்பாள். கூப்பிடுகிற தேவை வரவில்லை, அவ்வளவுதான். மகள் பிறந்தாள், நன்றாக இருக்கிறாள், வாயாடி. ஐயர் ஓய்வுபெற்று நாசரேத் பக்கம் இருக்கிறார். எப்போதாவது என்னிடம் பேசுவார். மாத்திரையைப் பற்றி இப்போது கேட்பதில்லை. ஃபோனை வைக்கப் போகும்போது மட்டும், "பியூலா நம்பர் அதேதானா, மாத்திட்டாளா?" என்று கேட்பார்.

"அதேதான்யா" என்பேன்.